ஒரிஜினலா, ரீமேக்கா: புதூர் மொட்டை மாடியில் ஒரு ரத்தப் பஞ்சாயத்து

மதுரை கோ.புதூரில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் மாதம் ஒரு சனிக்கிழமை படம் போடுகிறோம். வாடகை புரொஜெக்டர், இரண்டு வேட்டியைச் சேர்த்துத் தைத்த திரை, மாப்ளயின் ஆட்டோவில் வந்து இறங்கும் இரண்டு ஸ்பீக்கர். கூட்டம் பத்துப் பேரைத் தாண்டியதில்லை. போன மாதம் ஒரு பழைய நகைச்சுவைப் படம் பார்த்துச் சிரித்து ஓய்ந்த நேரத்தில், அடுத்த தடவை பயமுறுத்துகிற படமாகப் போடலாம் என்று யாரோ சொன்னார்கள். பேய் வேண்டாம், கத்தியும் ரத்தமும் உள்ளதாக இருக்கட்டும் என்று இன்னொருவர். அங்கே ஆரம்பித்தது வம்பு.

"பழசெல்லாம் எதுக்கு மச்சான்? அதே கதையத்தான் புதுசாப் பளிச்சுன்னு எடுத்து வச்சிருக்காய்ங்கள்ல. அதப் போட்டு விடு" என்றான் மாப்ள.

ஆப்பரேட்டர் மாமா வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டார். முப்பது வருடம் இந்த ஊர்த் தியேட்டர்களில் ரீல் ஓட்டியவர். "புதுசப் போட்டா எல்லாரும் பாப்பாய்ங்க. பழசப் போட்டா எவனாச்சும் ஒருத்தன் ராத்திரி தூங்காமக் கெடப்பான். ஒனக்கு எது வேணும்னு பாத்துக்க" என்றார்.

ஓட்டெடுப்பு சரிபாதியாகப் போனதால் பொறுப்பு என் தலையில் விழுந்தது. மூன்று வாரம், ஜோடி ஜோடியாகப் பார்த்தேன். பாதிப் படங்களுக்கு மாப்ளயும் நர்ஸ் அக்காவும் துணைக்கு இருந்தார்கள். அக்காவுக்கு நைட் ட்யூட்டி இல்லாத நாட்களில்தான் எங்களுக்குப் படம். இது சண்டைக்கான தீர்ப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். முடிவுகளையும் சொல்லித்தான் ஆக வேண்டும், ஏனென்றால் வித்தியாசமே முடிவுகளில்தான் இருக்கிறது. இன்னொன்று, இவை எல்லாமே பெரியவர்கள் பார்க்கிற படங்கள். பதினெட்டு வயதுக்குக் கீழே எவனும் அன்றைக்கு மாடிப்படி ஏறக் கூடாது.

முதலில் 'டெக்சாஸ் செயின் சா மாசக்கர்'. இதில் எனக்கு ஒரு பழைய அவமானம் உண்டு. கல்லூரியில் படிக்கும்போது மேலமாசி வீதிப் பக்கம் ஒரு கடையில் முப்பது ரூபாய்க்கு சிடி வாங்கினேன். அட்டையில் 1974, டைரக்டர் டோப் ஹூப்பர், பழைய படம் எல்லாம் சரியாகவே இருந்தது. உள்ளே இருந்தது 2003-இல் வந்த ரீமேக். எனக்கு அது தெரியாது. கதை நடப்பது 1973-இல் என்று படமே சொல்கிறது. அதனால் சந்தேகமும் வரவில்லை. "எழுபத்தி நாலுலயே என்னமா எடுத்திருக்கான் பாருடா" என்று இரண்டு வருடம் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். உண்மையான 1974 படத்தைப் பார்த்தபோதுதான் நான் புகழ்ந்தது வேறு ஒருவர் வேலையை என்று புரிந்தது.

ஒரு வகையில் அந்தத் தவறு முழுத் தவறும் இல்லை. இரண்டு படங்களுக்கும் கேமராமேன் ஒரே ஆள், டேனியல் பேர்ல். ஆரம்பத்தில் கதை சொல்லும் குரலும் இரண்டிலும் ஜான் லாரகெட்டுடையதே. அதே கண், அதே குரல், நடுவில் கிட்டத்தட்ட முப்பது வருடம். ரீமேக் என்ன செய்கிறது, ஒரிஜினல் என்ன செய்கிறது என்று ஒப்பிட இதைவிட நல்ல ஜோடி கிடைக்காது.

இரண்டு படத்திலும் ஆரம்பத்தில் ஒரு வேன். வெயில் காயும் டெக்சாஸ் சாலையில் இளவட்டங்கள் போகிறார்கள். வழியில் ஒருவரை ஏற்றிக்கொள்கிறார்கள். பழைய படத்தில் ஏறுகிறவன் கசாப்புக் குடும்பத்து ஆள். மாட்டைச் சம்மட்டியால் அடித்துக் கொல்வதுதான் நல்ல முறை, புதிதாக வந்த மெஷினால் ஆட்களுக்கு வேலை போய்விட்டது என்று பேசிக்கொண்டே வருகிறான். பேசும்போதே தன் உள்ளங்கையைக் கத்தியால் கீறிக்கொள்கிறான். வேனுக்குள் எல்லோரும் என்ன செய்வதென்று தெரியாமல் பார்க்கிறார்கள். புதிய படத்தில் ஏறுகிறவள் ஏற்கெனவே சித்திரவதைப்பட்ட ஒரு பெண். திடீரென்று துப்பாக்கியை எடுத்து வாயில் வைத்துச் சுட்டுக்கொள்கிறாள். கேமரா பின்னால் நகர்கிறது. அவள் தலையில் விழுந்த ஓட்டை வழியாக, பின்கண்ணாடியில் விழுந்த ஓட்டை வழியாக, வேனுக்கு வெளியே வந்து நிற்கிறது. மாப்ள எழுந்தே நின்றுவிட்டான். "யப்பா, என்னா ஷாட்டுடா!"

ஷாட் அபாரம்தான். ஆனால் அவன் பாராட்டியது கேமராவை. செத்துப்போனவள் அவன் நினைவிலேயே இல்லை. எனக்கு இந்த மூன்று வாரமும் திரும்பத் திரும்பக் கண்ணில் பட்டது இதுதான். ரீமேக்கில் ரத்தம் கூடக் கூட, நம் கவனம் வேலைப்பாட்டின் மேல் போய்விடுகிறது.

பழைய படத்துக்கு அந்தப் பெயர் இருப்பதால் அதில் ரத்தம் ஆறாக ஓடும் என்று நினைப்பவர்கள் நிறைய. ஓடாது. மொத்தப் படத்திலும் பெயரில் இருக்கும் அந்தச் செயின் சா, அதாவது மரம் அறுக்கும் மெஷினால் கொல்லப்படுகிறவன் ஒரே ஒருவன், சக்கர நாற்காலியில் இருக்கும் ஃப்ராங்க்லின். அதுவும் இருட்டில். கொக்கியில் பெண்ணைத் தொங்கவிடும் காட்சியில் கொக்கி உடம்பில் இறங்குவதைக் காட்டவே இல்லை. ஹூப்பர் இதற்குச் சிறுவர்களும் பார்க்கக்கூடிய சான்றிதழ் வாங்கிவிடலாம் என்று நம்பித்தான் எடுத்திருக்கிறார்! கிடைக்கவில்லை. இங்கிலாந்துத் தணிக்கை வாரியம் 1975-இல் படத்தையே நிராகரித்தது. எந்த இடத்தை வெட்டினால் சரியாகும் என்று அவர்களால் சொல்ல முடியவில்லை. குறிப்பிட்ட ஒரு ஷாட்டில் இருந்தால் வெட்டலாம், படம் முழுக்க விரவிக் கிடக்கிற ஒன்றை எங்கே போய் வெட்டுவது? 1999-இல் ஒரு வெட்டும் இல்லாமல் விட்டுவிட்டார்கள்.

அந்த விரவிக் கிடக்கிற ஒன்று என்ன என்று எனக்கு ஓரளவு தெரியும் என்று நினைக்கிறேன். ஏழு வயதில் உசிலம்பட்டிக்கு அந்தப் பக்கம் எங்கள் குலதெய்வக் கோயிலில் கிடா வெட்டுக்குப் போனேன். கிடாய்க்கு மாலை போட்டு, மஞ்சள் தண்ணீர் தெளித்து, அது சிலுப்புவதற்காக எல்லோரும் காத்து நிற்கிறார்கள். சிலுப்பினால் சாமி சம்மதித்தது என்று கணக்கு. சிலுப்பியது. குலவை எழுந்தது. அருவாள் இறங்கியது எனக்கு நினைவில்லை. ரத்தமும் நினைவில்லை. அதற்கு முந்தின நொடி மட்டும் இருக்கிறது. அதன் வாயோரத்தில் பாதி மென்ற அகத்திக்கீரை. நான்தான் கொடுத்திருந்தேன்.

1974 படம் முழுக்க அந்த முந்தின நொடியிலேயே நிற்கிறது. குறிப்பாக அந்தச் சாப்பாட்டு மேஜைக் காட்சி. கடத்தி வந்த பெண்ணை நாற்காலியில் கட்டி வைத்திருக்கிறார்கள். வீட்டின் தாத்தா ஒரு காலத்தில் சம்மட்டி அடியில் பேர்போன ஆள். அவருக்கு மரியாதை செய்ய வேண்டும் என்று பேரன்கள் ஆசைப்படுகிறார்கள். கையில் சுத்தியலைக் கொடுக்கிறார்கள். கிழவரால் பிடிக்க முடியவில்லை. நழுவுகிறது. மறுபடி எடுத்துக் கொடுக்கிறார்கள். மறுபடி நழுவுகிறது. கீழே வைத்த தொட்டிக்குள் போய் 'டங்'கென்று விழுகிறது. அவள் அலறிக்கொண்டே இருக்கிறாள், அவர்கள் தாத்தாவுக்கு உற்சாகம் கொடுத்துக்கொண்டே இருக்கிறார்கள். சிரிப்பு வருகிற மாதிரி இருக்கும், வராது. நர்ஸ் அக்கா அந்த இடத்தில் நிறுத்தச் சொன்னார். "ரத்தம்லாம் எனக்குத் தெனமும் பாக்குறதுதாண்டா. இந்தச் சத்தம் தாங்கல."

அந்தச் சத்தத்தில் நடிப்பு எவ்வளவு, நிஜம் எவ்வளவு என்று பிரிப்பது கஷ்டம். தாத்தாவாக நடித்தவர் உண்மையில் இளைஞர். மணிக்கணக்காக ஒட்டிய மேக்கப்பை இன்னொரு நாள் போட மாட்டேன் என்று சொன்னதால், அவர் வரும் காட்சிகளை ஒரு நாளைக்கும் மேலாக விடாமல் எடுத்து முடித்தார்கள். டெக்சாஸ் கோடை, ஜன்னல்களைக் கறுப்புத் துணியால் மூடியாயிற்று, உள்ளே விளக்குச் சூடு, மேஜையில் அழுகும் இறைச்சி. மெஷினோடு துரத்தும் முகமூடிக்காரனாக நடித்த குன்னர் ஹான்சனுக்கு மொத்தப் படப்பிடிப்புக்கும் ஒரே சட்டை, அதையும் துவைக்கவில்லை. கதாநாயகி மரிலின் பர்ன்ஸின் விரலைக் கீறும் காட்சியில் போலி ரத்தக் குழாய் வேலை செய்யாமல் போக, ஹான்சன் நிஜமாகவே கீறிவிட்டார். இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. இப்படி யாரும் படம் எடுக்கக் கூடாது. ஆனால் திரையில் தெரிகிற அந்த வெறி எங்கிருந்து வந்தது என்பதற்கு இதுதான் பதில்.

ரீமேக்கில் அந்தச் சாப்பாட்டு மேஜையே கிடையாது. அதற்குப் பதிலாக முகமூடிக்காரனுக்குப் பெயர் கொடுத்தார்கள், தோல் வியாதி கொடுத்தார்கள், முகமூடியைக் கழற்றிக் காட்டினார்கள். கதாநாயகி வெட்டுக்கத்தியால் அவன் கையைத் துண்டிக்கிறாள், ஷெரீஃபைக் காரால் ஏற்றிக் கொல்கிறாள், ஒரு குழந்தையையும் காப்பாற்றுகிறாள். கணக்கு நேராகிவிடுகிறது. 1974-இல் நேராகிற கணக்கு எதுவும் இல்லை. தப்பித்தவள் பிக்கப் வண்டியின் பின்னால் உட்கார்ந்து, உடம்பெல்லாம் ரத்தத்தோடு சிரிக்கிறாள். விடிகிற வெளிச்சத்தில் அவன் மெஷினைச் சுழற்றிக்கொண்டு நடுரோட்டில் ஆடுகிறான். அவ்வளவுதான் படம்.

என் ஓட்டு இங்கே ஒரிஜினலுக்கு, சந்தேகமே இல்லாமல். ரீமேக் மோசமான படம் இல்லை, சிடி கடைக்காரர் என்னை ஏமாற்றியதற்கு நான் அவரைக் கோபித்துக்கொள்ளவும் இல்லை. பளிச்சென்று இருப்பதுதான் அதன் குறை.

அடுத்தது 'த லாஸ்ட் ஹவுஸ் ஆன் த லெஃப்ட்'. 1972-இல் வெஸ் கிரேவனின் முதல் படம். 2009-இல் டெனிஸ் இலியாடிஸ் மறுபடி எடுத்தார், கிரேவனே தயாரிப்பாளர்களில் ஒருவர். மகளைச் சீரழித்தவர்கள் தெரியாமல் அவள் பெற்றோர் வீட்டிலேயே வந்து தங்குகிறார்கள். பெற்றோருக்கு உண்மை தெரிகிறது. அப்புறம் பழிவாங்கல்.

பழிவாங்கும் கதை என்றால் நம் ஊர்க் கூட்டத்துக்குச் சொல்லவே வேண்டாம், விசிலுக்கு விரலை நாக்கடியில் வைத்துக்கொண்டுதான் உட்காருவோம். ரீமேக்குக்கு இது தெரிந்திருக்கிறது. அதில் மகள் சாகவில்லை. குண்டடியோடு ஏரியை நீந்திக் கடந்து வீட்டுக்கு வந்துவிடுகிறாள். ஆகவே பெற்றோர் செய்வது பழிவாங்கல் மட்டும் இல்லை, காப்பாற்றலும்கூட. டாக்டரான அப்பா எல்லாம் முடிந்த பிறகு, கடைசியாக ஒருவனைக் கை கால் அசையாமல் ஆக்கி, தலையை மைக்ரோவேவ் அடுப்புக்குள் வைத்து வெடிக்கவிடுகிறார். கதைக்கு அது தேவையே இல்லை. கைதட்டலுக்காக ஒட்டிய வால். மாப்ள தட்டினான். எனக்கும் கை ஒரு அரை அங்குலம் நகர்ந்தது என்பதை மறைக்க மாட்டேன்.

பழைய படத்தில் மகள் செத்துப்போகிறாள். பெற்றோர் செய்கிற எதுவும் அவளைத் திருப்பிக் கொண்டுவராது. அப்பா மரம் அறுக்கும் மெஷினோடு பாய்கிறார், அம்மா பல்லால் பழிவாங்குகிறாள். முடிவில் ரத்தம் தோய்ந்து, ஓய்ந்துபோய் இருக்கிறார்கள். யாரும் தட்டவில்லை. வியட்நாம் போர்க் காட்சிகளைச் செய்தியில் பார்த்துப் பழகிப்போன நாட்டுக்கு, வன்முறை என்றால் என்னவென்று காட்ட நினைத்ததாகக் கிரேவன் பிற்பாடு சொன்னார்.

அதற்காகப் பழையதைத் தூக்கி வைத்துக்கொண்டு ஆட மாட்டேன். அது பாதி வெந்த படம். நடு நடுவே இரண்டு கோமாளிப் போலீஸ்காரர்கள் கோழி வண்டியில் தொற்றிக்கொண்டு சிரிப்புக் காட்டுகிறார்கள். அங்கே காட்டில் பெண்கள் வதைபடுகிறார்கள், பின்னணியில் குதூகலப் பாட்டு. பாட்டைப் போட்டவர் டேவிட் ஹெஸ், வில்லனாக நடித்தவரும் அவர்தான்! முரண்பாட்டை வேண்டுமென்றே வைத்தார்கள் என்று வக்காலத்து வாங்குகிறவர்கள் உண்டு. எனக்கு அது கைப்பழக்கம் போதாத கோளாறாகத்தான் தெரிகிறது. அந்தக் காட்டுக் காட்சி தேவைக்கு மேல் நீள்கிறது என்று அக்கா சொன்னதும் சரி. இரண்டில் எதைப் போடுவது என்று கேட்டால், இரண்டும் வேண்டாம்.

இந்த இடத்தில் 'ஒரிஜினல்' என்ற சொல்லே ஆட்டம் கண்டது. 1972 படமே ரீமேக் மாதிரிதான். 1960-இல் இங்மர் பெர்க்மன் எடுத்த 'த வர்ஜின் ஸ்பிரிங்' படத்தின் கதையைத்தான் கிரேவன் எடுத்துக்கொண்டார். பெர்க்மனுக்கு அது இடைக்கால ஸ்வீடனின் கதைப்பாட்டு ஒன்றிலிருந்து கிடைத்தது. நம் நல்லதங்காள் கதை மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். வத்திராயிருப்புப் பக்கம் அர்ச்சுனாபுரத்தில் அவளுக்குக் கோயிலே இருக்கிறது. ஏழு பிள்ளைகளைக் கிணற்றில் போடுகிற அந்தக் கதையை ஒவ்வொரு உடுக்கடிக்காரரும் ஒவ்வொரு கூத்துக் குழுவும் புதிதாகத்தான் சொல்கிறார்கள். எது ஒரிஜினல்? பெர்க்மன் படத்தில் அப்பா பழிவாங்கப் போகும் முன் தனியாக நிற்கும் ஒரு மரத்தோடு மல்லுக்கட்டி வேரோடு சாய்க்கிறார். கொலைகாரர்களோடு வந்த சின்னப் பையனையும் கொன்றுவிடுகிறார். பிறகு தன் கைகளையே பார்க்கிறார். மைக்ரோவேவ் தலை வெடித்ததை மறுநாளே மறந்துவிட்டேன். அந்தக் கைகள் இன்னும் இருக்கின்றன. அடுத்த வருடம் ஒரு சனிக்கிழமைக்கு அதை எழுதி வைத்திருக்கிறேன்.

தன் படத்தைத் தானே மறுபடி எடுத்தவர்கள் இருவர் இந்தப் பட்டியலில் வருகிறார்கள். ஒருவர் ஆஸ்திரியாவின் மைக்கேல் ஹனெகெ. இன்னொருவர் நம்ம பாரதிராஜா.

ஹனெகெயின் 'ஃபன்னி கேம்ஸ்' 1997-இல் ஜெர்மன் மொழியில் வந்தது. ஏரிக்கரை விடுமுறை வீட்டில் கணவன், மனைவி, பையன். வெள்ளைக் கையுறை போட்ட இரண்டு இளைஞர்கள் முட்டை இரவல் கேட்டு வருகிறார்கள். மரியாதையாகப் பேசுகிறார்கள். முட்டை உடைகிறது, மறுபடி கேட்கிறார்கள், மறுபடி உடைகிறது. அந்தக் கால் மணி நேரத்தில் பல்லைக் கடித்துக் கடித்து எனக்குத் தாடை வலித்தது. அப்புறம் நடக்கும் கொலைகள் கிட்டத்தட்ட எல்லாமே திரைக்கு வெளியே. ஒரே ஒரு தடவை அந்தத் தாய் துப்பாக்கியைப் பிடுங்கி ஒருவனைச் சுடுகிறாள், அதைக் கண்ணுக்கு நேராகக் காட்டுகிறார்கள். மாப்ள விசிலுக்கு விரலை எடுத்தான். உடனே மற்றவன் டிவி ரிமோட்டைத் தேடி எடுத்துப் படத்தையே பின்னால் ஓட்டிவிடுகிறான். செத்தவன் எழுந்துவிட்டான். மாப்ளயின் விரல் வாயிலேயே நின்றது. "என்ன மச்சான், நம்மளயே வச்சு செய்றாய்ங்களா?" ஆமாம், அதற்குத்தான் எடுத்த படம்.

2007-இல் அதே படத்தை ஆங்கிலத்தில் எடுத்தார். அதே ஷாட்டுகள், அதே வசனம், வீட்டின் அளவுகூட அதே. அப்படியானால் ஒப்பிட என்ன இருக்கிறது? முகங்கள் இருக்கின்றன. பழையதில் நடித்த சூசான லோத்தரும் உல்ரிச் முயியும் நிஜத்திலும் தம்பதி. எங்களுக்கு இருவரும் முன்பின் தெரியாத முகங்கள். புதியதில் நவோமி வாட்ஸ். "இவ ஹீரோயின், இவளக் கொல்ல மாட்டாங்க" என்றார் அக்கா. நம்பிக்கையோடு கடைசி வரை பார்த்தார். கடைசியில் பேச்சுவாக்கில், படகிலிருந்து தண்ணீருக்குள் தள்ளிவிடுகிறார்கள், ஒரு பொட்டலத்தைத் தூக்கிப் போடுகிற மாதிரி. தெரிந்த முகம் என்பதால்தான் அந்த அடி கூடுதலாக விழுந்தது. ரீமேக் ஜெயித்த இடம் இது என்று எழுதும்போது எனக்கே ஆச்சரியம். இன்னொரு சில்லறைக் காரணமும் உண்டு. எங்கள் வேட்டித் திரை காற்றில் ஆடும், கீழே ஓடும் சப்டைட்டில் எழுத்து நெளிந்து யாருக்கும் படிக்க வராது.

'சிகப்பு ரோஜாக்கள்' வந்தது 1978-இல். '16 வயதினிலே', 'கிழக்கே போகும் ரயில்' என்று இரண்டு கிராமத்துப் படம் எடுத்தவர், மூன்றாவதாக நகரத்துக் கொலைகாரனைக் கொண்டுவந்தார். அல்லிநகரத்துக்காரர் டைரக்டர், பண்ணைப்புரத்துக்காரர் இசை. அப்போது இரண்டும் மதுரை மாவட்டம்தான், தேனி தனியாகப் பிரியவில்லை. பெண்களைக் கொன்று தோட்டத்தில் புதைத்து மேலே ரோஜா வளர்க்கிறான் கமல். கொலைகளைப் படமாக எடுத்து வளர்ப்புத் தந்தைக்குப் போட்டுக் காட்டுகிறான். உட்கார்ந்து பார்க்கிற அந்தக் கிழவர்தான் படத்தின் உண்மையான அசிங்கம். ஒரு விதத்தில் நாமும் அவர் பக்கத்து நாற்காலியில்தான் இருக்கிறோம்.

1980-இல் இதையே பாரதிராஜா இந்தியில் ராஜேஷ் கன்னாவை வைத்து 'ரெட் ரோஸ்' ஆக்கினார். இசை ஆர்.டி. பர்மன். தமிழில் கிடைத்த பேர் அதற்குக் கிடைக்கவில்லை. காரணம் எனக்குப் படுவது வயது. கமலுக்கு அப்போது இருபத்து மூன்று. பால் வடியும் முகத்துக்குள் கத்தி இருக்கிறது என்பதுதான் அந்தப் படத்தின் முழு அதிர்ச்சியும். ராஜேஷ் கன்னாவுக்கு நாற்பது நெருங்கிக்கொண்டிருந்தது. அதோடு இளையராஜாவின் பின்னணி இசையைக் கழற்றிவிட்டால் அந்த வீட்டில் பாதிச் சுவர் இல்லை.

இரண்டிலும் மாறாத ஒரு கோளாறு உண்டு. பெண்கள் துரோகம் செய்தார்கள், அதனால் இவன் இப்படி ஆனான் என்று கொலைகாரனுக்குப் படம் ஒரு நியாயம் கொடுக்கிறது. அந்த நியாயத்தைச் சொல்லும் வசனம் இன்றைக்கும் நம் ஊரில் கிண்டலாகப் புழங்குகிறது. அப்போது கிண்டலாக இல்லை என்றார் ஆப்பரேட்டர் மாமா. "தரை டிக்கெட்ல பயலுவ கூடவே சேந்து கத்துவாய்ங்க. நான் மேல ஓட்டை வழியாப் பாப்பேன். பொம்பளைக பக்கம் ஒரு சத்தம் வராது. படம் விட்டதும் அவங்கதான் மொதல்ல எந்திரிச்சுப் போவாங்க." தமிழ்ப் படத்தைத் தனியாக ஒரு நாள் போட்டு, முடிந்ததும் உட்கார்ந்து பேச வேண்டும் என்பது அக்காவின் தீர்ப்பு. நானும் கையெழுத்துப் போட்டேன்.

'ஈவில் டெட்' பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம், ஏனென்றால் அதில் மாப்ள சொன்னதுதான் சரி. காட்டுக் குடிசையில் பேய் பிடிக்கிற கதைதான், ஆனால் கத்திக்கும் ரத்தத்துக்கும் குறைவில்லை. 1981-இல் சாம் ரைமி நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு, தெரிந்தவர்களிடம் பணம் திரட்டி எடுத்த படம். இங்கிலாந்தில் வீடியோ கேசட்டுகளைப் பறிமுதல் செய்யும் அளவுக்கு ரகளையானது. இன்றைக்குப் போட்டால் மாடியில் சிரிப்புத்தான் கேட்கும். அது சிரிக்க வைக்கவும் தெரிந்த படம் என்பது வேறு. 2013-இல் ஃபெடே அல்வாரெஸ் எடுத்ததில் கதாநாயகி போதைப் பழக்கத்தை விடுவதற்காகக் காட்டுக் குடிசைக்கு வருகிறாள். அவள் அலறி, நடுங்கி, "என்னை இங்கிருந்து கூட்டிப் போங்க" என்று கெஞ்சும்போது, போதை இறங்குகிறது என்று நினைத்து நண்பர்கள் கதவைச் சாத்துகிறார்கள். அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தார். "எங்க வார்டுல இப்படித்தான். ரெண்டாம் நாள் ராத்திரி யாரு சொல்றதையும் நம்ப முடியாது. அவங்க சொல்றது நெசமாவே இருந்தாலும்." ஒரிஜினலில் இல்லாத மனித பயம் ஒன்றை ரீமேக் கண்டுபிடித்திருக்கிறது. கையை அறுப்பது, ஆணி அடிப்பது எல்லாம் பெரும்பாலும் கம்ப்யூட்டர் இல்லாமல் கையால் செய்த வேலை, அதனால் கண் நம்புகிறது. இரண்டிலும் மரக்கிளைகள் பெண்ணைத் தாக்குகிற காட்சி மட்டும் வேண்டாதது. பழையதில் அதை வைத்ததற்கு ரைமியே பிற்பாடு வருத்தப்பட்டிருக்கிறார்.

'ஐ ஸ்பிட் ஆன் யுவர் கிரேவ்' இரண்டையும் என் மாடியில் போட மாட்டேன். 1978, 2010 இரண்டுக்கும் விமர்சகர் ரோஜர் ஈபர்ட் ஒரு நட்சத்திரம்கூடத் தரவில்லை. சீரழிக்கப்பட்ட பெண் திருப்பி அடிக்கிறாள், பெண்ணியப் படம் என்று வாதாடுகிறார்கள். திருப்பி அடிப்பதற்கு முன்னால் எதை, எவ்வளவு நேரம், யார் கண் வழியாகப் பார்க்க வைக்கிறார்கள் என்று பார்த்தால் வாதம் நிற்காது.

'சைக்கோ'வை 1998-இல் கஸ் வான் சான்ட் ஷாட்டுக்கு ஷாட் கலரில் எடுத்துவைத்ததைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. ஒரிஜினலில் ஹிட்ச்காக் ரத்தத்துக்குப் பதிலாகச் சாக்லேட் பாகை ஊற்றிக் கறுப்பு வெள்ளையில் பயமுறுத்தினார், இவர் சிவப்பை ஊற்றியும் ஒன்றும் ஆகவில்லை.

ஆக, கடைசிச் சுற்றில் நின்றவை மூன்று: 1974 டெக்சாஸ், 2007 ஃபன்னி கேம்ஸ், 2013 ஈவில் டெட். இரண்டு ரீமேக், ஒரு ஒரிஜினல். மாப்ள துள்ளினான். ஆனால் வருகிறவர்கள் யார் என்று பார்க்க வேண்டும். ஃபன்னி கேம்ஸ் போட்டால் பாதிப் பேர் என்னோடு பேச மாட்டார்கள். ஈவில் டெட்டுக்கு நல்ல ஸ்பீக்கர் வேண்டும், எங்களுடையது கோயில் கொடையில் அடி வாங்கியது. டெக்சாஸ் 83 நிமிடம்தான், பத்து மணிக்குள் முடிந்துவிடும், பரோட்டாக் கடைக்கும் நேரம் இருக்கும். படத்தில் வழக்கமான இசையும் கிடையாது. உலோகத்தை உரசுகிற, தட்டுகிற சத்தங்கள்தான். அடி வாங்கிய ஸ்பீக்கருக்கு அது பொருத்தம். வசனம் புரியாவிட்டாலும் அலறலுக்கு மொழி வேண்டாம்.

"தங்கரீகல்ல இங்கிலீசுப் படம் பாத்தவன்லாம் வசனம் புரிஞ்சா பாத்தான்?" என்றார் ஆப்பரேட்டர் மாமா. பகலில் நூலகம், பொழுது சாய்ந்தால் தியேட்டர் என்று இருந்த இடம் அது. அவர் ஓட்டும் ஒரிஜினலுக்கே விழுந்தது.

வியாழக்கிழமை ராத்திரி ஸ்பீக்கர் சரியாக இருக்கிறதா என்று பார்க்க, காட்டுக்குள் துரத்துகிற அந்த இடத்தை மட்டும் ஓட்டிப் பார்த்தோம். மெஷின் உறுமியது. தெரு நாய்கள் எல்லாம் ஒரே நேரத்தில் குரைக்க ஆரம்பித்தன. பக்கத்து வீட்டு அத்தை மாடிச் சுவர் ஓரம் வந்து நின்று டார்ச் அடித்தார்.

"ஏப்பா, இந்நேரத்துக்கு எந்த மரத்தப்பா அறுக்குறீங்க? எங்க முருங்கையில கைய வச்சிராதீங்க, இப்பத்தான் பூ விட்டிருக்கு."

சத்தத்தைப் பாதியாகக் குறைத்திருக்கிறோம். அத்தைக்கும் ஒரு நாற்காலி சொல்லியாயிற்று.